நீங்கள் எழுதுவது எந்த ஆண்டின் கடல்?

கடலோர மாவட்டங்களிலிருந்து செய்தி அனுப்பும் நிருபர்களுக்கும், அந்தச் செய்திகளுக்குத் தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,



ஒரு தசமப் புள்ளியைப் பற்றிய வழக்கு இது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்கிறது என்று ஒரு நாள் எழுதுகிறீர்கள். இன்னொரு நாள், சென்னையில் கடல் மட்டம் ஆண்டுக்கு 0.33 மில்லிமீட்டர்தான் உயர்ந்திருக்கிறது என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட பதிலை எழுதுகிறீர்கள். இரண்டையும் படித்த வாசகர், அச்சுக் கோத்தவர் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டுகிறார். கொஞ்சம் சந்தேகப் பேர்வழியாக இருந்தால், "கடலாவது ஏறுவதாவது, எல்லாம் பயங்காட்டல்" என்று டீக்கடையில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

இரண்டு எண்களையும் தந்தது ஒரே அமைச்சகம், மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம். இரண்டுமே சரி. முதல் எண் 1993 முதல் 2017 வரைக்கானது. வட இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் பொதுவானது. அதே அறிக்கை, 1874 முதல் 2004 வரையிலான நீண்ட காலத்துக்கு ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் என்று வேறொரு கணக்கும் தருகிறது. இரண்டாவது எண், சென்னைத் துறைமுகத்து ஓதமானி என்ற ஒரே கருவி 1916 முதல் 2005 வரை எழுதிவைத்த ஏட்டிலிருந்து எடுத்தது. அந்த ஏட்டின் நடுவே நீண்ட இடைவெளியும் உண்டு. காலம் வேறு, இடம் வேறு, அளந்த விதம் வேறு. இந்த விவரங்கள் எண்ணோடு சேர்ந்துதான் உங்கள் மேசைக்கு வந்தன. இடம் போதவில்லை என்று வெட்டியது நீங்கள்.

ஓதமானி என்றால் பெரிய எந்திரம் என்று எண்ண வேண்டாம். துறைமுக மேடையின் ஓரத்தில் ஒரு சின்னக் கொட்டகை; உள்ளே தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்கும் ஒரு குழாய்; குழாயின் அடியில் சிறு துளை. வெளியே அலை எவ்வளவு துள்ளினாலும் துளை வழியாக நீர் நிதானமாகத்தான் ஏறும், இறங்கும். அலையின் ஆட்டம் அடங்கி, ஓதத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் குழாய்க்குள் மிஞ்சும். பழைய கருவிகளில் ஒரு மிதவை, கம்பி, கப்பி, சுழலும் உருளையில் சுற்றிய காகிதம், அதன்மேல் கோடிழுக்கும் பேனா. இப்போது நீர்ப்பரப்பை மேலிருந்து தொட்டுப் பார்க்கும் ரேடாரும், அழுத்தத்தை உணரும் கருவியும் வந்துவிட்டன.

கொட்டகையைவிட முக்கியமான ஒன்று வெளியே கிடக்கிறது. யாரும் படம் எடுக்காத ஒரு கல். நில அளவையாளர்கள் அதை பெஞ்ச் மார்க் என்பார்கள். மட்டக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கல்லுக்கு எவ்வளவு கீழே தண்ணீர் நிற்கிறது என்பதுதான் ஓதமானி சொல்லும் சேதி. மேடையை இடித்துக் கட்டும்போது கருவியை இருபதடி தள்ளி வைத்தாலும் பரவாயில்லை. கல் இருந்தால் பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒட்டிவிடலாம். சாலை போட வந்த பொக்லைன் கல்லைப் பெயர்த்துவிட்டால், அறுபது ஆண்டுப் பதிவு நடுவில் அறுந்துபோகும். கல்லோடு என்ன போயிற்று என்பது பொக்லைன் ஓட்டியவருக்கும் தெரியாது, அவரை அனுப்பியவருக்கும் தெரியாது.

ஒரு கல் என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியத் தீவில் ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே போர்ட் ஆர்தர் என்ற கைதிகள் குடியிருப்பில் தாமஸ் லெம்ப்ரியர் என்ற அதிகாரி இருந்தார். சரக்குக் கணக்கு பார்ப்பது அவர் வேலை. கடலை அளப்பது அவர் பித்து. 1841இல், தென்துருவப் பயணத்துக்காக வந்திருந்த கப்பல் தலைவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸோடு சேர்ந்து, இறந்தவர்களைப் புதைக்கும் ஒரு குட்டித் தீவின் பாறையில் கோடு ஒன்றைச் செதுக்கி வைத்தார். பிறகு நாள்தோறும் ஓதத்தை அளந்து எழுதினார். காலப்போக்கில் கோடு பாறையில் இருந்தது, ஏடு எங்கே என்று தெரியாமல் போயிற்று. 1990களில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆவணக் கட்டுகளுக்குள் அது கிடைத்தது. 1999 முதல் 2002 வரை அதே இடத்தில் மறுபடி அளந்தார்கள். 160 ஆண்டில், நிலத்தோடு ஒப்பிட்டால் கடல் ஆண்டுக்குச் சராசரியாக 0.8 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. சிறை ஊழியர் ஒருவர் உளியால் இழுத்த கோட்டுக்கு அவ்வளவு விலை.

நம் பக்கத்துக் கோடும் பழையதுதான். ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எம்.எஸ்.எல். என்று போட்டு இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை நீங்கள் ஆயிரம் முறை கடந்திருப்பீர்கள். சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அந்த ஊரின் உயரம். எந்தக் கடல்? இந்திய நில அளவைத் துறை 1858இல் தொடங்கி 1909இல் முடித்த மட்ட வலையில் இருக்கிறது அதன் வேர். ஒன்பது துறைகளின் ஓதப் பதிவுகளைக் கொண்டு சுழியத்தை நிலைநாட்டினார்கள்: கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், மதராஸ், விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயிண்ட். ஒன்பதில் இரண்டு நம் கரையைச் சேர்ந்தவை. அந்தச் சுழியம் பிறந்த பிறகு கடல் நகர்ந்துவிட்டது, பலகை நகரவில்லை. "கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள பகுதி" என்று நீங்கள் எழுதும்போது, எந்த ஆண்டின் கடலிலிருந்து என்று வாசகர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இனி வானத்துக் கதை. 1992 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் சி.என்.இ.எஸ். அமைப்பும் சேர்ந்து டோபெக்ஸ்/பொசைடன் என்ற செயற்கைக்கோளை ஏவின. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் துடிப்பைக் கீழே அனுப்பி, அது கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பது அதன் வேலை. போய்வர நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் பறக்கிறது என்பது தெரியும். கடல் அதற்கு எவ்வளவு கீழே என்பதும் தெரிந்தால், கழித்துக்கொள்ள வேண்டியதுதான். சொல்லும்போது சுலபம். வழியில் காற்றின் ஈரம் துடிப்பைத் தாமதப்படுத்தும். அந்த ஒன்றுக்காகவே நாற்பது சென்டிமீட்டர் வரை திருத்த வேண்டியிருக்கும். தேடுவதோ மில்லிமீட்டர்.

டோபெக்ஸைத் தொடர்ந்து 2001இல் ஜேசன்-1, 2008இல் ஜேசன்-2, 2016இல் ஜேசன்-3, 2020இல் சென்டினல்-6 வந்தன. எல்லாம் அதே தடத்தில், ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒரு சுற்று. புதியது வந்ததும் பழையதை உடனே ஓய்வுக்கு அனுப்பமாட்டார்கள். சில மாதம் இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு பறக்கும். இரண்டின் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்வார்கள். தரையில் மட்டக்கல் செய்கிற வேலையை வானத்தில் இந்த ஜோடிப் பறத்தல் செய்கிறது.

ஆனால் உங்கள் தலைப்புகளில் அடிக்கடி வருகிற "சென்னைக் கடலைச் செயற்கைக்கோள் அளந்தது" என்ற வாசகத்தில் ஒரு சிக்கல். ரேடார் துடிப்பு கடலில் விழும்போது ஊசிமுனையாக விழுவதில்லை. பல கிலோமீட்டர் அகல வட்டமாக விழுகிறது. கரை நெருங்கும்போது வட்டத்துக்குள் மணலும் கட்டடமும் கழிமுக நீரும் புகுந்து எதிரொலியைக் குழப்பிவிடும். ஈரத்தை அளக்கும் கருவியின் பார்வையோ இன்னும் அகலம். இதனால் கரையை ஒட்டிய கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்ப் பதிவை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தார்கள். தடங்களுக்கு இடையே நிலநடுக்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி வேறு. மீனவர் வலை போடும் அண்மைக் கடல், வீடு நிற்கும் கரை, இவை இரண்டும்தான் அந்தக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடங்கள்.

இதைச் சரிசெய்ய நடந்த முயற்சிகளில் ஒன்று உங்கள் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பியது. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 ஏந்திச்சென்ற சரல், இஸ்ரோவும் பிரான்சும் கூட்டாகச் செய்தது. முந்தையவற்றைவிட உயர்ந்த அலைவரிசையில் வேலை செய்ததால் அதன் பார்வை வட்டம் சிறியது. கரைக்கு இன்னும் நெருங்க முடிந்தது. குழம்பிய எதிரொலிகளை மறுபடி எடுத்துப் பிரித்துப் படிக்கும் கணக்கு முறைகளும் வந்தன. 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட், ஒற்றைக் கோடாக அளப்பதை விட்டு 120 கிலோமீட்டர் அகலப் பட்டையாகவே கடலைப் படிக்கிறது. சரலின் ராக்கெட் ஏறிய நாளில் நீங்கள் முதல் பக்கம் கொடுத்தீர்கள். சரல் அளந்த கடலைப் பற்றி அதன்பின் யாரும் கேட்கவில்லை.

ஓதமானியும் செயற்கைக்கோளும் எதிரிகள் அல்ல என்பதற்கு 2004 டிசம்பர் 26 போதும். சுமத்ராவில் பூமி அதிர்ந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 தற்செயலாக வங்கக் கடலின் மேல் பறந்தது. நடுக்கடலில் அரை மீட்டரைச் சற்றே தாண்டிய மேடாக ஆழிப்பேரலையை அது கண்டது. அந்தப் பதிவு ஆய்வாளர்களுக்குப் பெரும் புதையல். கரையில் நின்றவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை, தரவு கைக்கு வரவே பல மணி நேரம் ஆகும். சென்னைத் துறைமுகத்து ஓதமானியோ அலை வந்து அடித்ததை அங்கேயே நின்று குறித்துக்கொண்டிருந்தது. பத்து நாளுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் கண் ஒன்று, இடத்தை விட்டு நகராமல் காவல் நிற்கும் கண் இன்னொன்று.

வானத்துக் கண்ணைத் திருத்துவதும் தரைக் கண்தான். டோபெக்ஸின் முதல் சில ஆண்டு அளவுகள் உண்மையைவிடக் கூடுதலாக உயர்வு காட்டின என்று 2015இல் ஓர் ஆய்வு கண்டது. கண்டுபிடிக்க உதவியவை துறைமுகங்களின் ஓதமானிகள்; அவற்றின் கீழே நிலம் நகர்வதையும் ஜி.பி.எஸ். கொண்டு கழித்துத்தான் ஒப்பிட்டார்கள். திருத்தியதும் ஆண்டுக்கு 3.2 மில்லிமீட்டர் என்றிருந்த உலகச் சராசரி 2.6க்கும் 2.9க்கும் இடைப்பட்டதாக இறங்கியது. "கடல் உயர்வு குறைந்தது" என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் தொடக்கம் தாழ்ந்ததால் பிற்பகுதி செங்குத்தானது: கடல் ஏறும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் அதில் வெளிப்பட்ட செய்தி.

நிலம் நகர்வது பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் செய்திகளில் அது வருவதே இல்லை. செயற்கைக்கோள் பூமியின் மையத்தை வைத்துக் கடலை அளக்கிறது. ஓதமானி தான் நிற்கும் நிலத்தை வைத்து அளக்கிறது. நிலம் தாழ்ந்தால், கடல் சும்மா இருந்தாலும் ஓதமானியில் கடல் ஏறியதாகவே பதிவாகும். ஸ்டாக்ஹோமில் இதற்கு நேர்மாறு. பனியுகத்துப் பனிப்பாரம் நீங்கிய நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டிருப்பதால், 1774 முதல் எழுதப்படும் அந்த ஊர் ஏட்டில் கடல் ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கியபடி இருக்கிறது. மணிலாவில் ஆழ்குழாய்கள் நிலத்தடி நீரை உறிஞ்சி நிலம் அமிழ்ந்ததில், ஓதமானி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்வைக் காட்டியது. போர்ட் பிளேரில் 2004 நிலநடுக்கம் ஒரே காலையில் நிலத்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறக்கிவிட்டது. அதற்குத் தெற்கே இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று.

நாடாளுமன்றப் பட்டியலுக்குத் திரும்புங்கள். சென்னைக்கு 0.33, மும்பைக்கு 0.74, மேற்கு வங்கத்தின் டயமண்ட் ஹார்பருக்கு 5.16. வங்காளத்தில் கடல் சென்னையைவிடப் பதினைந்து மடங்கு வேகமாக ஏறுகிறதா? இல்லை, அங்கே வண்டல் நிலம் அமிழ்வதும் பெரும் காரணம் என்று அந்தப் பதிலிலேயே எழுதியிருந்தது. இன்னும் ஒரு வரியும் இருந்தது: இந்த இடங்களில் நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு நீண்ட காலப் பதிவு இல்லாததால், உயர்வுக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தப் பதிலின் உண்மையான செய்தி அந்த வரிதான். ஓர் அரசு, தன் கரையோர நிலம் அசைவதை இவ்வளவு காலம் அளக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. எண்களை அட்டவணையாகப் போட்டுவிட்டு அந்த வரியை விட்டுவிட்டீர்கள்.

மடல் எழுதுகிறவருக்கு உங்கள்மேல் இருக்கும் பெரிய மனக்குறை வேறு. ஒரு குப்பத்தில் நான்கு வீடு கடலில் விழுந்தால், "கடல் மட்டம் உயர்வதால் வீடுகள் இடிந்தன" என்று எழுதிவிடுகிறீர்கள். ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் ஏறும் கடல் ஒரே இரவில் வீட்டை இழுத்துக்கொண்டு போகாது. நம் கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே சுவர் நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அறுபடும். சென்னைத் துறைமுகத்துக்கு 1870களில் சுவர் கட்டத் தொடங்கியபின் மெரினா அகன்றதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தபின் நகரத்து மணற்கரை காணாமல் போயிற்று. இந்த இடங்களில் கடல்மேல் பழியைப் போட்டால் யாருக்கு வசதி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சுவருக்கு அனுமதி தந்தவர், ஒப்பந்தம் எடுத்தவர், அடுத்த சுவருக்குத் திட்டம் போடுகிறவர் எல்லோரும் உலகக் காலநிலையின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். வீடிழந்தவர் வழக்குப் போடப் போனால், உங்கள் செய்தித் துணுக்கே எதிர்த்தரப்புக்குச் சான்றாக நிற்கும்.

இதனால் கடல் ஏறவில்லை என்று ஆகாது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணக்கு; 2006 முதல் 2018 வரையிலான வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். ஏற்கெனவே அறுபட்ட கரையில் இந்தச் சில சென்டிமீட்டர் புயல் நாளில் தெருவுக்குள் வரும். வங்கக் கரையில் ஐப்பசி கார்த்திகையில் கடல் நிற்கும் மட்டம் பங்குனி மட்டத்தைவிடச் சில பத்து சென்டிமீட்டர் கூடுதல். புயல் பெரும்பாலும் வருவதும் அதே மாதங்களில்தான். ஆண்டுக்குள் வந்துபோகும் இந்த ஏற்றம் எது, நூறாண்டில் வந்து தங்கிவிடும் ஏற்றம் எது என்று பிரிக்க, பல பத்தாண்டு அறுபடாத ஏடு வேண்டும். இரண்டு ஆண்டு எண்களை வைத்து "திடீர் உயர்வு" என்று எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

"2050இல் மூழ்கும் நகரங்கள்" வரைபடம் பற்றியும் ஒரு சொல். 2019இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு, ஆண்டுக்கு ஒரு முறையாவது வெள்ளம் எட்டக்கூடிய உயரத்துக்குக் கீழே வரும் நிலத்தைக் கணக்கிட்டது. உங்கள் தலைப்பில் அது நிரந்தரமாக மூழ்கிவிட்டது. அந்த ஆய்வின் மையமே, பழைய செயற்கைக்கோள் உயர வரைபடங்கள் கூரையையும் மர உச்சியையும் தரையென்று எண்ணிக் கடலோரத்தை இரண்டு மீட்டர் அளவுக்கு உயர்த்திக் காட்டிவிட்டன என்பதுதான். அதை எந்தத் தமிழ்ச் செய்தியிலும் படித்த நினைவு இல்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுவோம். கடல் மட்டம் பற்றி எண் போடும்போது அதன் பக்கத்திலேயே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, ஓதமானியா செயற்கைக்கோளா, கரையிலா நடுக்கடலிலா, நிலம் நகர்வது கழிக்கப்பட்டதா என்று போடுங்கள். ஒற்றைப் பத்தியில் அரை அங்குலம் பிடிக்கும். கரை அறுபட்ட செய்தியில், தெற்கே எத்தனை கிலோமீட்டரில் என்ன சுவர் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்ற ஒரு வரி சேருங்கள்.

அடுத்தது கொஞ்சம் அலைச்சல். சென்னை, எண்ணூர், கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று நீங்கள் இருக்கும் ஊரில் ஓதமானி உண்டா, எந்த அலுவலகம் பார்த்துக்கொள்கிறது என்று விசாரியுங்கள். இருந்தால், அதன் மட்டக்கற்கள் எத்தனை, எங்கே, கடைசியாக எந்தத் தேதியில் அவற்றை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார்கள், பக்கத்தில் நிலத்தின் அசைவை அளக்கும் ஜி.பி.எஸ். நிலையம் உண்டா, பழைய ஏடு பொதுமக்கள் பார்க்கக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். துறைமுக வாசலில் நிறுத்தினால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அனுப்புங்கள். பதில் வந்தால் வெளியிடுங்கள். வராவிட்டால், கேட்ட தேதியையும் கேள்விகளையும் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழில் ஓத அட்டவணையை முதலில் படிக்கும் ஒரு வாசகர்